சின்ன எண் மெல்லியது என்று நினைத்தேன்

இதில் நான் எழுதப்போவது எல்லாம் உண்மை. கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று அப்பாவின் கையைத் தொட்டுச் சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்தேன், அண்ணை. அப்பா சொல்கிறார், தங்கச்சி நான் எழுதுகிறேன். ஒட்சிசன் மாஸ்கைக் கொஞ்சம் உயர்த்தி ஒரு வசனம் சொல்வார், திரும்பவும் போட்டுக்கொண்டு மூச்செடுப்பார், பிறகு அடுத்த வசனம். அதனால் இது ஒரே நாளில் எழுதிய கடிதம் அல்ல. பள்ளிக்கூடம் விட்டு யூனிபோர்மோடு ஆஸ்பத்திரி வாட்டுக்கு வந்து, பார்வையாளர் நேரம் முடியும்வரை இருந்து, இந்தக் கிழமை முழுவதும் எழுதியது. அப்பா பேச்சில் சொல்வதை நான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பழக்கிய மாதிரி எழுத்தில் எழுதுகிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது மட்டும் என்னுடையது. "அதுக்குள்ளை உன்ரை கதை கனக்க வேண்டாம்" என்று அப்பா சொன்னார். அதையும் எழுதிவிட்டேன்.

தம்பி,

நீ சிகரெட் பிடிக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

(இதைச் சொல்லிவிட்டு அப்பா மாஸ்கைப் போட்டுக்கொண்டு மூச்செடுத்தார். பிறகு கேட்டார், "எழுதிட்டியோ?" "ஓம் அப்பா." "வெட்டிப்போடாதை.")

இந்த ஒரு வசனத்தைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மாவும் தங்கச்சியும் வந்த கொஞ்ச நேரத்தில் நீ விம்பிள்டனிலிருந்து வந்து சேருகிறாய். வாட்டு வாசலில் கைக்குப் பூசும் மருந்தை இரண்டு தரம் பூசுகிறாய். வாயில் மிண்ட் கரைந்துகொண்டிருக்கிறது. தலைமாட்டுக்கு வராமல் கால்மாட்டில் நிற்கிறாய், மணம் எனக்கு வந்துவிடக்கூடாது என்று. பழுதானது என்னுடைய நுரையீரல், மூக்கு இல்லை. உன் ஜாக்கெற்றிலிருந்து வருவது எந்தச் சாதிச் சிகரெட் என்றுகூட எனக்குச் சொல்ல ஏலும். நீ போர்வைக்கு மேலால் என் காலைத் தடவி "எப்பிடி இருக்கு அப்பா?" என்று கேட்கிறாய். நான் "பரவாயில்லை" என்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஜன்னலைப் பார்க்கிறோம். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தையும் மழையையும் தவிர ஒன்றுமில்லை.

இந்தப் பழக்கத்தை உனக்கு நான்தான் தந்தேன். சிகரெட்டைச் சொல்லவில்லை, ஒளிக்கிறதைச் சொல்கிறேன். மூத்தவர்களுக்கு முன்னால் பிடிக்கிறதில்லை, பிடிக்கிறதைக் கண்டாலும் மூத்தவர்கள் காணாத மாதிரிப் போய்விட வேண்டும். எங்கள் வீடுகளில் மரியாதை என்றால் இதுதான். ஜெர்மனியில் இருந்தபோது, நீ அப்போது கைக்குழந்தை, ஒரு பனிநாளில் பஸ் தரிப்பில் நின்று பிடித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா வருகிறதைக் கண்டதும் எரிகிற சிகரெட்டை அப்படியே கோட்டுப் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டேன். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் இருக்கிறது, அண்ணை என்னை அடிக்கப்போகிறாரா என்ன? ஆனால் கை தானாகப் போய்விட்டது. அவர் நின்று ஊர்க்கதை எல்லாம் கதைத்தார். பொக்கற்றுக்குள்ளால் புகை வருகிறது, துணி கருகி மணக்கிறது. கடைசியில் பஸ்ஸில் ஏறும்போது சொன்னார், "சரியான குளிர் என்ன? உன்ரை கோட்டும் மூச்சு விடுது." அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அவர் என்னிடம் அதைப்பற்றிக் கேட்கவில்லை. நான் அதை அவருடைய பெருந்தன்மை என்று இவ்வளவு காலமும் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தேன். அன்றைக்கு அவர் பொக்கற்றுக்குள் கையை விட்டு அதை எடுத்து எறிந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அந்தக் கோபம் ஒரு கிழமை இருந்திருக்கும்.

பிறகு லண்டனுக்கு வந்து செவன் கிங்ஸில் கடை எடுத்தோம். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து எனக்குப் பின்னால் இருந்த தட்டில் சிகரெட் பெட்டிகளை அடுக்குவாய். வாசிக்கப் பழகும் வயதில் இருந்த தங்கச்சி அந்தப் பெட்டிகளில்தான் "கொல்லும்" என்ற ஆங்கிலச் சொல்லை முதலில் எழுத்துக்கூட்டினாள். (உண்மை. எனக்கு ஞாபகம் இருக்கிறது.) நீ மேல்வகுப்புக்குப் போன காலத்தில் தட்டில் இடைக்கிடை ஒரு பெட்டி குறையும். ஆர் எடுத்தது என்று எனக்குத் தெரியும். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் நீ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பாய், அதைப் பார்க்க எனக்கு மனமில்லை. பேசாமல் இன்னொரு பெட்டியை அந்த இடத்தில் வைத்துவிடுவேன். இதையும் மரியாதை என்றுதான் நினைத்தேன்.

இந்த வருடம் வைகாசியில் பாராளுமன்றத்துக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் போய் நின்ற நாட்களில் ஒன்றையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு வன்னிச் சண்டையிலிருந்து வந்த செய்தி உனக்கு மறந்திருக்காது. அங்கே இருந்த சித்தப்பாவின் போன் அதற்கு எத்தனையோ நாள் முன்னமே நின்றுவிட்டது. சனம் வீதியில் இருந்து அழுதது. நீ என்னை ஒரு கரையில் இருத்தி, தண்ணீர்ப் போத்தலையும் தந்துவிட்டு, மரத்துக்குப் பின்னால் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிடித்தாய். உன் தோள் ஆடிக்கொண்டிருந்தது. அழுகிறாயா இருமுகிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. எழும்பி வந்து உன் முதுகில் கை வைக்க நினைத்தேன். வந்தால் நீ அதை எறிய வேண்டும், நான் காணாத மாதிரி நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அது இரண்டு பேராலும் ஏலாது என்று இருந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். அதற்குள் டொக்டர் எனக்கு முடிவைச் சொல்லிவிட்டார். உனக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த எலெக்ட்ரோனிக் சிகரெட் வாங்குகிற யோசனை வந்தது. தங்கச்சி உன் பிறந்தநாளுக்குத் தந்தாளே, அது அவளுடைய காசில் வாங்கியது இல்லை. உனக்கும் தெரிந்திருக்கும். இல்போர்ட் சந்தையில் போன் உறைகள் விற்கிற பெடியன், பாரிஸிலிருந்து வந்தவன், அவனிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் பங்குச் சனம் ஆரும் கண்டுவிடுமோ என்று எனக்கு ஒரே அந்தரம். நெஞ்சு வருத்தக்காரன் சிகரெட் மாதிரி ஒன்றை வாங்குகிறான் என்று கதை கோயில்வரை போய்விடும்.

(அந்தப் பெடியன் கேட்டார், "ஆருக்கு ஐயா?" அப்பா சொன்னார், "எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியனுக்கு." "உங்கடை மகனுக்கோ?" "தெரிஞ்ச பெடியன் எண்டு சொல்லுறன்." அவர் சிரித்துக்கொண்டு இரண்டு சின்ன உலோக முனைகளை எடுத்து வைத்தார். பற்றரியில் பூட்டுகிற முனை, அதற்குள்தான் சூடாகி நிக்கொட்டீன் நீரை ஆவியாக்குகிற கம்பிச்சுருள் இருக்கிறது. "இது ஒண்டரை ஓம்ஸ், மற்றது மூண்டு ஓம்ஸ். எது வேணும்?" அப்பா உடனே, "சின்னன் காணும். குறைஞ்சதைத் தா" என்றார். "ஐயா, அது வந்து..." என்று அவர் தொடங்க, அப்பா, "தம்பி, எனக்கு நேரமில்லை, சுத்தித் தா" என்றார். அந்த நேரம் எங்கள் பங்கில் இருக்கிற பீற்றர் அங்கிளின் மனுசி மீன்கடைப் பக்கம் நின்றா. நானும் பக்கத்தில் நின்றேன். நானும் ஒன்றும் கேட்கவில்லை.)

இத்தனை வருடம் சிகரெட் விற்றவன் நான். பெட்டியில் இருக்கிற எண் சின்னதென்றால் மெல்லியது, பெரிதென்றால் கடுமை. வாடிக்கையாளர் விட்டுவிடப் பார்க்கிறேன் என்று சொன்னால் சின்ன எண்ணை எடுத்துக் கொடுப்பேன். அதற்குள் விடுகிற நிக்கொட்டீன் நீர்ப் போத்தலிலும் அப்படித்தான் எண் போட்டிருந்தது. சின்ன எண்ணில் நிக்கொட்டீன் குறைவு. அப்ப முனையிலும் அப்படித்தானே இருக்கும் என்று எடுத்தேன். உனக்கு நோகக்கூடாது, மெல்ல மெல்ல விடட்டும் என்று தேடித் தேடிச் சின்னதை எடுத்தேன், தம்பி. அவன் சொல்ல வந்ததை ஒரு நிமிடம் நின்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு மீன்கடைப் பக்கம் பார்க்கத்தான் நேரமிருந்தது.

நீ தங்கச்சிக்குப் போனில் சொன்னதை அவள் எனக்கு வந்து சொன்னாள். நான்தான் மறைக்காமல் சொல்லச் சொன்னேன். அவளைக் கோபிக்காதே.

(நீங்கள் பாதி இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் இப்படிச் சொன்னேன்: "சொண்டு சுட்டுப் பொக்களிச்சுப் போச்சு. தொண்டை தீஞ்சு மணக்குது. பற்றரி ஜாக்கெற்றுக்குள்ளை சுட்ட கல்லு மாதிரிக் கிடக்கு. வாங்கின ஆளிட்டைச் சொல்லு, எனக்குப் பழைய சிகரெட்டே காணும் எண்டு." அப்பா அன்று பின்னேரம் அம்மா கொண்டுவந்த சூப்பையும் குடிக்கவில்லை.)

விடுகிறதற்கு ஒருதரம் மனம் வைத்தாய். அந்த ஒருதரமும் என்னால் கெட்டது. வேறெந்தப் பிழையை நினைத்தாலும் அது பழசாகிவிட்டது என்று என்னைத் தேற்ற ஏலும். இது இப்போது நடக்கிறது. நான் இங்கே மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறபோது, நீ அங்கே வேலைத்தலத்துக்குப் பின்பக்கம் நின்று மற்றதைப் பற்றவைக்கிறாய்.

ஏன் அப்படிச் சுட்டது என்று தங்கச்சிதான் எனக்கு விளங்கப்படுத்தினாள். இந்தத் தவணை பௌதிகத்தில் அவளுக்கு அந்தப் பாடமாம். கடைக் கதவை வைத்துச் சொன்னாள். வெளியே சனம் முட்டிக்கொண்டு நிற்கிறது, அது பற்றரி. கதவு எவ்வளவு இறுக்கம் என்பதுதான் அந்த ஓம்ஸ் எண். எண் பெரிதென்றால் கதவு ஒடுக்கம், ஆட்கள் ஒவ்வொருவராய் வருவார்கள். எண் சின்னதென்றால் கதவு அகலத் திறந்து கிடக்கிறது, எல்லோரும் ஒரேயடியாய் விழுந்தடித்து வருவார்கள், உள்ளே சூடாகும், வெளியே தள்ளுகிறவனும் களைத்துப்போவான்.

(அப்பா கேட்டார், "அப்ப சின்ன எண் எண்டாக் கடுமையோ?" "ஓம் அப்பா. கம்பியிலை சூடு கூட." "போத்திலிலை மட்டும் சின்ன எண் மெல்லியது?" "ஓம்." "ஒரே சாமானிலை ரெண்டு எண், ரெண்டும் ரெண்டு பக்கம். இதை எந்த விசரன் செய்தவன்?" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி நேர்ஸ் ஓடிவர வேண்டியதாய்ப் போயிற்று.)

இந்தக் கடிதத்தோடு இருக்கிற பெட்டியில் புதிசு ஒன்று இருக்கிறது. அம்மாவும் தங்கச்சியும் அதே பெடியனிடம் போய் வாங்கி வந்தார்கள். இந்த முறை மகனுக்கு என்று சொல்லித்தான் வாங்கச் சொன்னேன். பற்றரி முன்னையதைவிடக் கொஞ்சம் தடிப்பு. முனை மூன்று ஓம்ஸ். அதை அப்படியே நம்பவும் நான் விடவில்லை. தங்கச்சி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் ஆசிரியையிடம் கேட்டு மீற்றரில் அளந்து வந்தாள்.

(இரண்டே முக்கால் காட்டியது. பெட்டியில் போடுகிற எண்ணும் உள்ளே இருப்பதும் கொஞ்சம் வித்தியாசப்படுமாம். பற்றரித் தாளில் இரண்டு அம்பியருக்கு மேல் இழுக்கக்கூடாது என்று இருக்கிறது. முழுதாய்ச் சார்ஜ் ஏறிய பற்றரி 4.2 வோல்ட். இரண்டே முக்காலால் பிரித்தால் ஒன்றரைக்குச் சற்று மேல் வரும், இரண்டை எட்டாது. பழைய ஒன்றரை முனையைப் பூட்டினால் 2.8 வரும். நான் மூன்று தரம் செய்து பார்த்தேன். ஆசிரியை இது எதற்கு என்று கேட்டா. உண்மையைச் சொன்னேன். அவ மீற்றரை எடுத்துத் தந்தா.)

எனக்குப் பயம் எங்கே என்று சொல்கிறேன், கேள். பழைய முனை இந்தப் பற்றரியிலும் புரிக்குப் புரி சரியாய் ஏறும். புதிசு உனக்கு முதலில் காணாது. ஆவி மெல்லிசு, தொண்டையில் அந்தப் பிடி இல்லை. அரை நாளில் எரிச்சல் வரும், சின்ன எண்ணைப் போட்டுப் பார்ப்போமா என்று கை போகும். போடாதே. பழையதைக் குப்பையில் எறிந்துவிடு, மேசை லாச்சிக்குள் வைக்காதே. காணாவிட்டால் போத்தலின் எண்ணை ஒரு படி கூட்டு, முனையில் கை வைக்காதே. சாவியும் சில்லறையும் கிடக்கிற பொக்கற்றுக்குள் பற்றரியைப் போடாதே. சார்ஜில் போட்டுவிட்டு நித்திரைக்குப் போகாதே. பற்றரி கையில் சுட்டால், அன்றைக்கு மாதிரிப் பொறுத்துக்கொண்டு இராமல் உடனே கழற்றி வை. வைத்துவிட்டு என்னிடம் சொல்லு. நீ எனக்குச் சொல்லியிருந்தால், நான் முதல் நாளே நிறுத்தச் சொல்லியிருப்பேன். சொல்ல ஏலாத மாதிரி உன்னை வளர்த்துவிட்டு இப்போது சொல்லு என்கிறேன்.

இதுவும் நல்ல சாமான் என்று நான் சொல்லவில்லை. இங்கே வருகிற இளம் டொக்டரிடம் தங்கச்சியைவிட்டுக் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். இது ஆட்களை என்ன செய்யும் என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாது என்றார். பிறகு என்னைப் பார்த்தார், என் பக்கத்தில் இருக்கிற மெஷினைப் பார்த்தார். மற்றது என்ன செய்யும் என்று தெரியும் என்றார். நான் உனக்குத் தர நினைப்பது நல்லதை இல்லை. தெரிந்த கெட்டதற்குப் பதிலாய்த் தெரியாததைத் தருகிறேன். ஒரு தகப்பன் தரக்கூடிய சாமானா இது? இதைத்தான் தர ஏலும். இதிலிருந்தும் பிறகு இறங்கிவிடு. இறங்கும்போது நான் இருக்க மாட்டேன்.

(அப்பா இதைச் சொன்னபோது அம்மா பக்கத்தில் இருந்தா. "உதை எழுதாதை பிள்ளை" என்று சொன்னா. அப்பா, "எழுது" என்றார்.)

ஒன்று கேட்கிறேன், தம்பி. அடுத்தமுறை வரும்போது மிண்ட் போடாதே. கால்மாட்டில் நிற்காதே. தலைமாட்டுக்கு வந்து, பொக்கற்றில் இருக்கிறதை எடுத்து என் சாப்பாட்டு மேசையில் வை, எனக்கு முன்னால். இங்கே அதைப் பாவிக்கக் கூடாது, ஒட்சிசன் இருக்கிற இடம், உள்ளே கம்பி சிவக்கிற சாமான். வைத்தால் காணும். எந்த முனை பூட்டியிருக்கிறாய் என்று நான் பார்க்க வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணை நானே வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டு, சரி, கீழே போய்ப் பிடித்துவிட்டு வா என்று உனக்குச் சொல்ல வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருக்க நீ அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒருதரம் எனக்கு முன்னால்

(அப்பா இந்த வசனத்தை முடிக்கவில்லை, அண்ணை. மாஸ்கைப் போட்டுக்கொண்டு, பிறகு சொல்கிறேன் என்று கையைக் காட்டினார். நான் இவ்வளவு நேரமும் பேனையோடு இருந்தேன். இனி எழுதுவது எல்லாம் என்னுடையது.

இன்று பின்னேரம் பங்குச் சுவாமி வந்து, நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி, அப்பாவுக்கு நோயிற்பூசுதல் கொடுத்தார். டொக்டர் அம்மாவை வெளியே கூப்பிட்டுக் கதைத்தார். அம்மா திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தா. உங்களுக்குப் போன் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்க வேண்டாம், நாளைக் காலையே வா என்று சொன்னா. ஏன் என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். அம்மா போனை வைத்துவிட்டா, நான் பக்கத்தில் நின்றேன்.

நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. நீங்கள் மேலே ஏறுவதற்கு முன் கீழே வாசலில் நிற்பேன், சிகரெட் பிடிக்கிற ஆட்கள் நிற்கிற அந்தக் கூரைக்குக் கீழே. இந்தக் கடிதத்தையும் பெட்டியையும் அங்கே வைத்துத்தான் தருவேன். நின்று வாசியுங்கோ, நான் அவசரப்படுத்த மாட்டேன். மூன்று ஓம்ஸ் முனையை நான் பூட்டித் தரவில்லை, நீங்களே பூட்டுங்கோ. பிறகு லிப்டில் வருவோம். அப்பா முழித்திருந்தால் கண்ணாடி மேசை லாச்சிக்குள் இருக்கிறது. நித்திரை என்றால் எழுப்புவோம். எழுப்ப வேண்டாம் என்று நேர்ஸ் சொன்னாலும் எழுப்புவோம்.

அப்பாவின் கண் இப்போது திறந்துதான் இருக்கிறது. எழுதி முடிந்ததா என்று பார்க்கிறார் போல. இன்னும் ஒரு வசனம் மிச்சம் என்று சொன்னேன். நேர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றா. வாட்டில் லைற்றுகளை அணைத்துவிட்டார்கள்.)